லைன் காலி

1

என் கல்யாணம் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கியதால் நடந்தது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மலேசியாவில், இந்தக் கோலா சிலாங்கூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரியும். ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் இதுவரை எழுதவில்லை. எழுதும்படியான ஒரு முடிவு அந்தக் கதைக்கு இல்லாமல் இருந்தது. நேற்றுக் கிடைத்துவிட்டது. கை பரபரக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல் ‘லைன்’.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்யாண நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாண நாள் என்றால் மோதிரம், சேலை என்று கற்பனை செய்யாதீர்கள். என் கணவர் குணா இரண்டு கிலோ இறால் வாங்கி வந்திருந்தார். அதை அவரே உரித்தும் கொடுத்தார், அதுதான் பரிசு. அந்த நேரம் பார்த்து மகள் ஷாமினி சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் படிவம் படிக்கிறாள், அதாவது நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன் மாதிரி. தினமும் வாயில் வருகிற ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்கு எத்தனை பொருள், அது எங்கிருந்து வந்தது என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

“என்ன சொல்லுடி எடுத்திருக்க?”

“லைன். நாலே எழுத்துலா மா. அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவேன்.”

இங்கே எந்தப் பேச்சுக்கும் வாலில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும். போனில் இறக்கிவைத்திருந்த அகராதியைத் திறந்தாள். விரலால் மேலே தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். கோடு ஒரு லைன். கயிறு ஒரு லைன். வரிசை, கவிதையின் வரி, நாடகத்தில் பேசுகிற வசனம், முகத்தில் விழுகிற சுருக்கம், தொலைபேசி, தண்டவாளம், வம்சம், ஒருவர் செய்கிற தொழில், மீன்காரரின் தூண்டில், போர்க்களத்தில் படை நிற்கிற இடம் எல்லாமே லைன்.

“அல்லாமா! இது முடியவே முடியாது போல,” என்றாள். கோயிலுக்குப் போய்வந்த நெற்றியோடு இந்தப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக அல்லாமா என்கிறார்கள். முதலில் திடுக்கிடுவேன். இப்போது நானே சொல்கிறேன்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பிள்ளை என்னிடம் பாடம் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கணக்கு அவளுக்கு மலாயில், அறிவியல் ஆங்கிலத்தில், கோபம் மட்டும் தமிழில். நான் எந்தப் பக்கமும் போய் உட்கார முடியாது. லைன் என்றால் எனக்கும் தெரியும். தமிழ்நாட்டுக்காரிக்கு அதில் என்ன குறை?

“எழுதிக்கோ. கரண்ட் கம்பத்துல ஏறுறவர் லைன்மேன். சினிமாக் கதைய நாலு வார்த்தையில சொன்னா ஒன்லைன். ஜாக்கெட்டுக்கு உள்ள வச்சுத் தைக்கிற துணி லைனிங். அப்புறம் பசங்க பொண்ணுங்கள லைன் அடிக்கிறது.”

“அப்படின்னா? அடிக்கறதா? போலீசுக்குப் போக மாட்டாங்களா?”

விளக்குவதற்குள் எனக்கு முகம் சிவந்துவிட்டது. இறால் உரித்துக்கொண்டிருந்தவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

“ஓ, ஃப்ளர்ட்! அதச் சொல்லுங்கலா,” என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் படித்துக் காட்டினாள். ஆளி விதை தெரியும் அல்லவா, கொழுப்புக் குறைய ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறார்களே, அது. அந்தச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு லத்தீனில் ஏதோ ஒரு பெயர். அந்தப் பெயர்தான் லைன் ஆனது. லினன் துணியும் அதே குடும்பம். நான் சொன்ன ஜாக்கெட் லைனிங்கும் அதே குடும்பம். இன்னும் ஓர் உள்ளாடைப் பெயரும் உண்டாம், பள்ளிக்கூட வேலையில் அது வேண்டாம் என்று தாண்டிவிட்டாள்.

“அப்ப லைன்னா முதல்ல நூலா?”

“ஆமா. நூலு. சும்மா நூலு.”

நான் மேசையில் தட்டினேன். இறால் கிண்ணம் ஆடியது. “அடியே! நம்ம ஊர்ல லைன் அடிக்கிறதுக்கு இன்னொரு பேரு நூல் விடுறது! லத்தீன் தெரியாமலே நம்ம பசங்க சரியா மொழிபெயர்த்திருக்கானுங்கடி!”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த எண்ணெய் புகைந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் ஷாமினி கேட்டாள். “அப்பா, லயம்னா லைன்தானே? நீங்க பொறந்த வீடு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “எழுதிக்கம்மா,” என்றார். “அந்த ஒரு அர்த்தத்துலதான் நீ பொறந்த.”

2

இங்கே தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரே கூரை, பத்துக் கதவு. வெள்ளைக்காரன் அதை லைன்ஸ் என்றான். நம் ஆட்கள் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆகிவிட்டது. அப்படித்தான் சொல்கிறார்கள். குணா பிறந்தது பத்தாங் காலிப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் லயத்தில். எண்ணெய்ப் பனையைத்தான் இங்கே செம்பனை என்கிறார்கள்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீடு விருத்தாசலம் பக்கம். அப்பா ரயில்வேயில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வரன் சொன்ன தூரத்து மாமா ஒருவர் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். அந்தக் காலத்து வெளிநாட்டுப் போன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாம் சொன்னதே நமக்குத் திரும்பக் கேட்கும்.

போனை எடுத்தது அம்மா. “பையன் லயத்துல பொறந்து வளந்தவன். ஊரு பத்தாங் காலி,” என்றார் மாமா.

அம்மா போனின் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள். “என்னங்க, மாப்பிள்ளை லாயத்துல பொறந்தவராம். குதிர வளக்கறவங்க போல இருக்கு. ஊரு பேரே என்னமோ காலிங்கறாரு.”

“குதிரையா?” அப்பா போனை வாங்கினார். “என்ன லாயம்?”

“லாயம் இல்ல மச்சான், லயம். லைன். லைன் வீடு.”

“லைனா?”

“ஆமா, லைன்ல பொறந்து வளந்த பையன். இப்ப வேலையும் லைன்லதான்.”

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அவருக்கு லைன் என்றால் ஒன்றுதான். தண்டவாளம். லைன் ஓரத்தில் குவார்ட்டர்ஸ், லைனில் வண்டி, லைன் கிளியர் கேட்டு அடிக்கிற மணி. மகளைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டாம் என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவர், போனை வைத்துவிட்டு அறிவித்தார். “ரெண்டு தலமுறையா லைன்ல இருக்கற குடும்பம். நம்ம ஆளுங்க. யோசிக்க வேண்டாம்.”

குணாவின் வேலை தொலைபேசி லைன் இழுப்பது. மாமா பொய் சொல்லவில்லை.

உண்மை தெரிந்தது கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால். அப்பாவும் என் மாமனாரும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் அறையின் ஜன்னல் அவர்கள் தலைக்கு மேலேதான். எனக்கு எல்லாம் கேட்டது.

“சம்பந்திக்கு எந்த லைன்?”

“அஞ்சாவது லயனுங்க. கோயிலுக்குப் பின்னால.”

“அஞ்சு லைனா! அப்ப பெரிய ஸ்டேஷனாச்சே.”

“எட்டு லயன் இருந்துச்சுங்க. ஒரு லயனுக்குப் பத்து வீடு.”

“குவார்ட்டர்ஸ் நெறையாத்தான் குடுத்திருக்கான். கேங்குல இருந்தீங்களோ?”

“ஆமாங்க, மண்டோரு கேங்குல.” மண்டோர் என்றால் மேஸ்திரி.

“எங்களுக்கும் கேங் உண்டு. வண்டி எத்தன மணிக்கு வரும்?”

“லோரி பத்து மணிக்கு வந்துரும்.”

“லைன்ல லாரி எப்படிங்க வரும்?”

“பழம் ஏத்தணும்ல?”

“என்ன பழம்?”

“செம்பன. குல குலயா இருக்கும். ஒத்த ஆளு தூக்க முடியாது.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. மறுநிமிடம் அறைக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “ஏம்மா, அவங்க ரயில்வே இல்ல.”

“குதிரையும் இல்லீங்களா?” என்றாள் அம்மா. அவளுக்குக் கடைசி வரை அந்தக் குதிரைமேல் ஓர் ஆசை இருந்தது.

நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பந்தி இலை போட்டாயிற்று. அப்பா என்னை மட்டும் பார்த்துக் கேட்டார், “என்ன செய்யலாம்? உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் பேசிக்கறேன்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதுவரை இருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. “மாப்பிள்ளை அதே மாப்பிள்ளைதானேப்பா?” என்றேன்.

அவர் யோசித்தார். “ஆமா. லைன்தான் மாறிப்போச்சு. வண்டி சரியான வண்டிதான்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று சாயங்காலத்துக்குள் சம்பந்திகள் இருவரும் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். புறப்படும்போது மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ஒருதடவ வந்து எங்க லயத்தப் பாத்துட்டுப் போங்க. ரயில் இல்ல. ஆனா லைன் நேரா இருக்கும்.”

3

கல்யாணம் ஒரு லைனில் மாட்டியது போதாதென்று, இங்கே வந்ததும் இன்னொன்றில் மாட்டினேன்.

மலாயில் ‘லாயின்’ என்று ஒரு சொல் உண்டு. வேறு, மற்றது என்று பொருள். எழுத்துக் கூட்டிச் சொன்னால்தான் லாயின், வேகமாகச் சொன்னால் சுத்தமான லைன். ‘காலி’ என்றால் தடவை. இரண்டையும் சேர்த்தால் ‘இன்னொரு தடவை’, அதாவது ‘அடுத்த முறை’. இது எனக்கு இப்போது தெரியும்.

இங்கே கல்யாணம் செய்து வந்த வெளிநாட்டுப் பெண்கள் தங்குவதற்குப் பாஸ் எடுக்க வேண்டும். அதைக் குறித்த நாளில் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போய், இவர்தான், இன்னும் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். முதல் தடவை போனபோது குணா கார் நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். நான் தனியாகக் கவுண்டரில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள். “சுவாமி மானா?”

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. என்ன தேசம் இது, என்ன சாமி கும்பிடுகிறாய் என்று அக்கறையாக விசாரிக்கிறார்களே! “முருகன்,” என்றேன்.

அவள் என் கோப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “இனி குணசேகரன்,” என்றாள். இனி என்றால் மலாயில் ‘இது’. எனக்கோ, இதுவரை முருகன், இனிமேல் குணசேகரன் என்று பட்டது. கணவனே கண்கண்ட தெய்வம் என்கிறாளாக்கும் என்று நினைத்து, வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். அதற்குள் தெய்வம் கார் சாவியோடு வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தது. மலாயில் சுவாமி என்றால் புருஷன், மானா என்றால் எங்கே. நம் சொல்தான் எனக்கு எத்தனையோ காலம் முன்பே கப்பலேறிப் போய், பாஸ் எதுவும் இல்லாமல் சௌகரியமாகக் குடியேறியிருக்கிறது.

அந்தப் பெண் ஏதோ ஒரு நகல் குறைகிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். “லாயின் காலி, புவான்.” புவான் என்றால் அம்மா, மேடம் மாதிரி மரியாதைச் சொல்.

லைன் காலி! திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இன்னும் ஓர் அடி முன்னால் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

“லாயின் காலி,” என்றாள் மறுபடியும்.

“ஆமாம்மா, காலிதான்,” என்றேன்.

குணா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “அடுத்த தடவ வரச் சொல்றாங்க செல்வி.”

“லைன் காலின்னுதானே சொல்றாங்க?”

“அதான்லா! அந்தக் காலி இல்ல, இந்தக் காலி!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தள்ளிப்போடுவது எல்லாமே லைன் காலிதான். ஷாமினி ஐஸ்கிரீம் கேட்டால் லைன் காலி. சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகலாமா என்றால் லைன் காலி. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, இவர்கள் சிவப்பு ஐசி என்று சொல்லும் அடையாள அட்டைக்கு, ஒருமுறை விண்ணப்பித்தோம். இல்லை என்று வந்தது. அதுவும் லைன் காலி. அந்தத் தடவை மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

4

சிவப்பு ஐசி இல்லாததால் எனக்குச் சோறு இறங்காமல் போகவில்லை. பாஸ் இருக்கிறது, புருஷன் இருக்கிறார், இறால் மலிவு. பிரச்சினை விருத்தாசலத்தில் இருந்தது.

நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறேன். அப்பா மட்டும் இந்தப் பக்கம் வருவதே இல்லை. அம்மாவுக்கு ஆசை. அவர் அசைய மாட்டார்.

“ஒருதடவ வந்துட்டுப் போங்களேன்பா. டிக்கெட் அனுப்பறேன்.”

“முன்னாடி ஸ்டேஷன் லைன் கிளியர் குடுக்காம நான் வண்டிய எடுத்ததில்லம்மா.”

“நான்தான் குடுக்கறேனே, வாங்கப்பா.”

“நீ குடுக்க முடியாது. நீயே அங்க முத்திர குத்தி முத்திர குத்தி நிக்கற. நாளைக்கு அந்தப் பாஸ புதுப்பிக்கலன்னா எந்த லைன்ல போய் நிப்ப? நிரந்தரம்னு ஒரு காயிதம் வாங்கு. கைகாட்டி எறங்கட்டும். மறுநாளே வரேன்.”

ரயில்வேக்காரரின் மகள்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்ப வேண்டும் என்றால், அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு, லைன் கிளியர் உண்டா என்று கேட்க வேண்டும். அங்கிருந்து உண்டு என்று பதில் வந்தால்தான் கைகாட்டி மரம் இறங்கும், வண்டி நகரும். பதில் வராவிட்டால் ராத்திரியெல்லாம் நின்றாலும் நிற்க வேண்டியதுதான். அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தப்பும் நடந்ததில்லை. அந்தப் பெருமையை எனக்காக விடச் சொன்னால் எப்படி விடுவார்?

எனக்குக் கோபம் வரும். போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களை உருட்டுவேன். பிறகு புரிந்தது, அது பிடிவாதம் மட்டும் இல்லை, பயம். மகள் வீட்டுக்கு வந்து பார்த்து, அது நிலையில்லாத இடம் என்று கண்ணாலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் ஊரில் அவருக்குத் தூக்கம் வராது. அதற்கு வராமலே இருந்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

இடையில் மாமனார் போய்விட்டார். சம்பந்தி வந்து பார்ப்பார் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அஞ்சாவது லயம் இன்னும் இருக்கிறது, பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. முழங்கால் வலி, ஒரு கண்ணில் புரை. அவருக்கு இன்னும் எத்தனை லைன் காலி மிச்சம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பேன்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தோம். இறால் உரித்த அந்தக் கல்யாண நாளன்றுதான் நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. ஷாமினியின் லைன் கட்டுரையில் ‘டெட்லைன்’ என்ற சொல்லும் இருந்தது. சிறையில் கைதிகள் தாண்டினால் சுடுவதற்காகப் போட்ட கோடாம் அது. நல்ல நாளும் அதுவுமாக ஏண்டி இதைப் படித்துக் காட்டினாய் என்று திட்டினேன்.

5

நேர்காணலுக்கு முந்தின வாரம் முழுக்க ஷாமினி எனக்கு மலாய் சொல்லிக்கொடுத்தாள். கண்டிப்பான வாத்தியார். “மா, பிளான் பிளான்,” என்பாள், மெதுவா மெதுவா என்று அர்த்தம். நான் மெதுவாகச் சொன்னால், “இவ்வளவு மெதுவா சொன்னா லஞ்ச் டைம் வந்துரும்லா,” என்பாள். ‘துங்கு’ என்றால் காத்திரு. தமிழ் ஞாபகத்தில் அதைத் தூங்கு என்றே உச்சரித்தேன். அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெயர், முகவரி, நாட்டு மன்னர், தேசிய மலர் எல்லாம் ஒப்பித்தேன். பிறகு கோப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இவ்வளவு தூரம் தாண்டி இவரை எப்படிக் கல்யாணம் செய்தீர்கள் என்று கேட்டார். இதற்கு ஷாமினி அழகாக நாலு வரி எழுதிக்கொடுத்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வாயில் வந்தது உண்மை. “சாலா டெங்கார்,” என்றேன். தப்பாகக் கேட்டது.

அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்குத் தெரிந்த மலாயில் தொடங்கி, தெரியாத இடத்தில் ஆங்கிலம் போட்டு, அதுவும் தீர்ந்த இடத்தில் கையை ஆட்டி, முழுக் கதையையும் சொன்னேன். லைன் என்றார்கள், அப்பா ‘கெரெத்தா அப்பி’ என்று நினைத்தார், ரயில். அம்மா ‘கூடா’ என்று நினைத்தாள், குதிரை. குதிரைக்குச் சொல் வரும்வரை நான் நாற்காலியிலேயே சவாரி செய்து காட்டினேன். கடைசியில் லைன் என்றால் ‘ருமா’, வீடு. சுவாமி என்று கேட்டபோது முருகன் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. லாயின் காலியையும் சொன்னேன்.

அவர் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் தலைத்துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, குதிரையை மட்டும் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். செய்தேன். குணா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்து, கோப்பை மூடப்போகும்போது கேட்டார். “லாயின்-லாயின்?” வேறு ஏதாவது உண்டா?

உண்டு. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு மட்டும் சொல் தானாக வந்தது. “ஆயா சாயா. டியா துங்கு.” என் அப்பா. அவர் காத்திருக்கிறார்.

இந்த முறை துங்கு சரியாக வந்தது. அவர் சிரிக்கவில்லை. எதுவும் அவர் கையில் மட்டும் இல்லை, மேலே போக வேண்டும், நானும் துங்கு செய்ய வேண்டும் என்றார். வெளியே வந்ததும் குணா கேட்டார், “குதிர அவசியமாலா?” கார் கிளம்பியதும் இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டது. காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

6

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை. ஊர் முழுக்க லைன் இழுப்பவர் வீட்டில் லைன் கிடையாது. அதாவது, கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. இங்கே அதற்கும் லைன் என்றுதான் பெயர். அது கிடைக்கும் ஒரே இடம் பின்பக்கம் துணி காயப்போடும் கொடி ஓரம். அந்தக் கொடிக்கும் ஆங்கிலத்தில் லைன் என்று பெயர் என்று கட்டுரை எழுதிய கெட்டிக்காரி சொன்னாள். கண்ணாடி இழைக்குள்ளே வெளிச்சத்தை அனுப்பி இன்டர்நெட் தருகிறார்களே, குணா இப்போது அந்த இழையைத்தான் இழுக்கிறார். செம்புக் கம்பி போய்விட்டது. நூலில் பிறந்த சொல் சுற்றிச் சுற்றி மறுபடி நூலிலேயே வந்து நிற்கிறது. அந்த நூல் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. லைன் காலி என்கிறார்கள்.

நேற்றுக் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். காற்றில் சேலை முகத்தில் அடிக்கிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. யாரோ புவான் செல்வி என்றார்கள். யா, யா என்றேன். அடுத்து ஏதோ அறுபட்டது. பிறகு முழுசாகக் காதில் விழுந்த முதல் சொல் “லாயின் காலி.”

அப்படியே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. “பாய்க்லா,” என்றேன். சரி. எத்தனையோ தடவை சொன்ன சரி.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். “புக்கான், புக்கான்,” என்றார் அதிகாரி அம்மா, இல்லை இல்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னார். “லாயின் காலி டாத்தாங், தா பாயா பாவா சுவாமி. சுடா லுலுஸ்.”

அடுத்த முறை வரும்போது சுவாமியைக் கூட்டிவர வேண்டாம். சிவப்பு ஐசி கிடைத்துவிட்டது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. ஷாமினி தலை வாரிய பாதியில் ஓடிவந்தாள். “என்னாம்மா? பாம்பா?” சொன்னதும் என்னைத் தூக்கிச் சுற்றினாள். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டிருக்கிறாள், அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். குணாவிடம் சொன்னபோது, “அப்ப இனிமே நான் வேணாமா?” என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. இனிமேல் முருகனே போதும் என்றேன்.

பிறகு ஈரத் துணிக்கு நடுவில் நின்றுகொண்டே ஊருக்குப் போன் போட்டேன். நெடுநேரம் மணி அடித்தது. அப்பா எடுத்தார்.

“ஹலோ, யாரு?”

நிமிர்ந்து நின்று சொன்னேன். “கோலா சிலாங்கூர் ஸ்டேஷன் பேசறேன்.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

“சொல்லுங்க, கோலா சிலாங்கூர்,” என்றார் அப்பா. என்னை ஒருநாளும் ‘ங்க’ போட்டு அழைத்தவர் இல்லை. சின்ன வயதில் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துக்கொண்டு நான் கேட்ட அதே குரல். “லைன் கிளியர் உண்டா?”

“உண்டு.”

“திருப்பிச் சொல்லுங்க.”

“லைன் கிளியர் உண்டுப்பா.” அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. யாருங்க, என்னவாம், ஏன் நின்னுட்டே இருக்கீங்க என்று அடுக்கிக்கொண்டே போனாள். அப்பா போனின் வாயைப் பொத்தாமலே அவளிடம் திரும்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“கைகாட்டி எறங்கிருச்சு. பொட்டிய எடு.”